ஒரு சொல் மாறாமல்

அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா? எனக்குக் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். எங்கள் லாண்டரியில் துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் கை போகாமல் தடுக்க ஒரு மூடி உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றிவிட்டார். என் பக்கத்தில் நின்ற அக்காவின் கை உள்ளே போய் வெந்துவிட்டது. விசாரணைக்கு அதிகாரி வருமுன், பார்த்த எங்கள் மூன்று பேரையும் சூப்பர்வைசர் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

"மூடி இருந்துச்சு, அவதான் அவசரப்பட்டுக் கையை விட்டா. எல்லாரும் ஒண்ணுபோல சொல்லணும்."

கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தோம். தனித்தனியாகக் கேட்ட அதிகாரி கடைசியில் சிரித்தார்.

"நிஜமா பாத்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்வாங்க. நீங்க ஒரு சொல் மாறாம சொல்றீங்களே, யாரு பாடம் எடுத்தது?"

அதிகாரி மறுபடி விசாரிக்கப் போகிறார். நாளை முதலில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பார்த்ததைச் சொல்லிவிடப் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

தலைவலித் தைலமும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள். கதவைத் தட்டுகிறார்கள், சூப்பர்வைசர் குரல்தான். முடிக்கிறேன்.

ஒன்று மட்டும். எப்போது போன் செய்தாலும், "அப்பா நல்லா இருக்காரு, இப்பதான் கண் அசந்தாரு" என்கிறீர்கள். தம்பியும் அதையேதான் சொல்கிறான், ஒரு சொல் மாறாமல். உங்களுக்கு யாரம்மா பாடம் எடுத்தது? அப்பாவா?

உங்கள் மூத்தவள்