நான் மாற்றிச் சொன்ன முடிவு

அக்கா,

இன்றைக்கு வெள்ளனே வெயில் வந்துவிட்டது. ஐந்து நாள் மழைக்குப் பிறகு கொடைக்கானலில் வரும் வெயிலை வீணாக்குவார்களா? பெட்டியில் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டேன். காற்றில் அது சுவர் போல விறைத்து நின்றது. அதற்கப்புறம் எந்தச் சோலியும் ஓடவில்லை.

கோயில் கூடத்தில் படம் காட்டியபோது திரையாகக் கட்டியது இந்த விரிப்புதான். நான் ஆயாவாக இருந்த துரைசானி பங்களாவில் கேட்டு வாங்கி வந்தேன். படம் இங்கிலீஷ். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்வது அப்போது வழக்கம். அன்று உபதேசியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பங்களாவுல இங்கிலீஷ் பேசுற புள்ளதான, நீயே சொல்லு" என்று பங்குச் சாமியார் என்னை அங்கே நிறுத்திவிட்டார்.

ஏதோ வெளிநாட்டுப் பட்டணம். கத்தோலிக்க அம்மாள் ஒருவர் குடிசை சனங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார். அவர்கள் இடத்துக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டுகிறார். நீ முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாய். சந்தையில் பேரிக்காய் விற்றுப் பிழைத்தவள் நீ; கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அக்கா. உன்னைச் சுற்றி, சந்தைக்குப் பின்னால் உன்னோடு குடிசை போட்டிருந்த சுமைகூலிக் குடும்பங்கள். சீசனுக்கு முன்னால் குடிசைகளைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

கடைசியில் ஓர் அதிகாரி தாளை எடுத்து வாசித்தார். நான் உங்கள் முகங்களைப் பார்த்தேன். என் வாய் சும்மா கிடந்திருக்கக் கூடாதா? "எடத்தை அவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றேன். திரையில் அந்த அம்மாள் மழையில் தனியே நடந்தார். "மாதாவுக்கு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போறாங்க" என்று அதையும் சமாளித்தேன். சாமியாருக்குப் படம் ஓட்டும் மிஷினைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. நீ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

மறுநாளே பேரிக்காய்க் கூடையை ஓரம் கட்டினாய். பெரிய பானை ஒன்றை இரவல் வாங்கிக் கஞ்சி காய்ச்சினாய். குடிசை குடிசையாக மனுவில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நகராட்சி ஆபீஸ் வாசலில் நின்றாய். பண்ணைக்காட்டிலிருந்து உன் தம்பி வந்து, "காப்பித் தோட்டத்துல வேலையும் வீடும் தர்றாங்கக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெரசா வந்துரு" என்று கெஞ்சினான். "அந்தம்மா எறங்கிப் போனாகளா? நாங்க மட்டும் எதுக்குடா எறங்கணும்?" என்றாய். உன் வார்த்தையை நம்பி ஒரு குடும்பமும் கிளம்பவில்லை. நான் பக்கத்தில்தான் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன்.

அடுத்த வருடம் சீசனுக்கு முன்னால் ஒரே காலையில் எல்லாக் குடிசைகளையும் பிரித்துப் போட்டார்கள். அன்றைக்கென்று சித்திரை மழையும் கொட்டியது. மற்றவர்களின் பிள்ளைகள் மேல் சாக்கைப் போர்த்திவிட்டு நீ நனைந்தாய். நாலாம் நாள் கோயில் தாழ்வாரத்தில் நெஞ்சுச்சளியோடு கிடந்தாய். இந்த விரிப்பைத்தான் உனக்குப் போர்த்தினேன்.

"ஏடி, அந்தம்மாவுக்கு எடம் கெடைக்க எத்தனை வருசம் ஆச்சு?"

"மூணு வருசம்க்கா."

"அப்ப நமக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு திறக்கவில்லை.

உன் சனங்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். காப்பித் தோட்டத்து வேலைக்கு அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். சந்தைக்குப் பின்னால் இப்போது கார்கள் நிற்கின்றன. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் முன்னால் எத்தனையோ முறை முழங்காலிட்டும் இந்த ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உனக்குச் சொல்லாததை வேறு யாருக்குச் சொல்வது?

இப்போது சொல்கிறேன், கேள். அந்தத் தாளில் இருந்தது குடிசைகளை இடிக்கச் சொன்ன உத்தரவு. அந்த அம்மாள் கோயிலுக்குப் போகவில்லை, அக்கா. போக இடமில்லாமல்தான் மழையில் நடந்தார்.