ஒரு முள் குறைந்த ரப்பர்

திருச்சி, உள்விளையாட்டு அரங்கம், மேல் வரிசை
சனிக்கிழமை, மதியம் ஒன்றேகால்

யமுனா அக்காவுக்கு, தம்பி ரஞ்சித் எழுதுவது.

பொழுது போகாமல் கேட்கவில்லை, அக்கா. "டயர் கடையில உட்கார்ந்துகிட்டு உனக்கு எதுக்குடா சீனாக்காரன் கம்பெனி சரித்திரம், விட்டுத் தொலையேன்" என்று போன மெயிலில் கேட்டிருந்தாய். பதில் என்னிடம் அப்போதே பாதி இருந்தது. மீதி நேற்று சாயங்காலம்தான் கிடைத்தது. அதனால்தான் பத்து நாளாக எழுதவில்லை.

வாட்ஸ்அப் சீனாவில் திறக்காது. நீங்கள் அங்கே பேசுகிற ஆப் இங்கே கிடையாது. ஆகவே இவ்வளவு நீளத்தையும் கட்டைவிரலால் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், பி.காம். பாதியில் விட்டவன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆட்டோவில் ஏறச் சொன்னால் மட்டும் கேட்பதில்லை. அப்பா போன வாரம் உப்பிலியபுரம் போய் மாமா வீட்டில் தை மாதம் உனக்கும் சரத்குமாருக்கும் நிச்சயம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஜவுளி சின்னக்கடை வீதியிலா, தில்லைநகரிலா என்று இப்போதே சண்டை. சரத்குமாரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நீயும் கவனித்ததில்லை.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்காக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ரயிலில் போய் விசாரித்து எழுதினதை நான் புரிந்துகொண்ட மாதிரி திருப்பி எழுதுகிறேன். தப்பாக இருந்தால் சொல்.

முதலில் அது கான்வாஸ் ஷூவுக்கு அடிப்பாகம் வார்க்கிற அரசாங்கத் தொழிற்சாலை. சுடுதண்ணீர்ப் பையும் போட்டார்கள். அறுபதுகளில் ஒரு நாள், டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் வார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஷூவுக்கு அடியில் வழுக்காமல் இருக்க வைக்கிற ரப்பர் முட்களையே கொஞ்சம் ஒல்லியாக்கி வார்த்தார்கள். அளவு தப்பி, முள் நீளமாகிவிட்டது. அந்த நீள முள்ளில் பட்ட பந்து, எதிராளி கொடுத்த சுழற்சியை அப்படியே தலைகீழாக்கி அவனுக்கே திருப்பி அனுப்பியது. ஆடினவன் எல்லாம் திணறினான். தப்பையே சரக்காக்கி 'மூன்று ஆந்தை' என்று பெயர் வைத்து, நாற்பத்தேழாம் நம்பர் போட்டு விற்க ஆரம்பித்தார்கள்.

எண்பத்தாறில் அந்த ரப்பரை வார்க்கிற மோல்டின் ஒரு மூலையில் விரிசல். உனக்கு டீ போட்டுக் கொடுத்த லின் அம்மாவுக்கு அப்போது இருபது வயசு. வெல்டு வைத்து அரம் போட்டுத் தேய்த்துச் சரி செய்தார். ஆனால் வெல்டில் ஒரே ஒரு துளை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த மோல்டில் வார்த்த ஒவ்வொரு ஷீட்டிலும், ஆந்தை முத்திரைக்கு மேலே முதல் வரிசையில், இடமிருந்து மூன்றாவது முள் இருக்காது. "திரும்பத் துளைக்கச் சின்னதா ஒரு ட்ரில் பிட் கேட்டேன், மேனேஜர் இன்னைக்கு வரைக்கும் வாங்கித் தரல" என்று அவர் சொல்லிச் சிரித்ததாக எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம ஆளுப்பா அந்தம்மா" என்றார்.

தொண்ணூற்றெட்டில் அரசாங்கம் தொழிற்சாலையைச் சாத்தியது. மேனேஜர் கம்பெனிப் பெயரையும் போட்டி அங்கீகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். தொழிலாளர்கள் மோல்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் புது மோல்டு செய்தார். அதில் முள் எல்லாம் முழுசு, போட்டியில் செல்லும், ஆனால் பந்து பழையபடி திரும்பாது. லின் அம்மா பட்டறையில் பழைய மோல்டு. பந்து பேய் மாதிரித் திரும்பும், ஆனால் போட்டியில் செல்லாது. ஆந்தையும் நம்பரும் மோல்டிலேயே வெட்டியிருப்பதால் இரண்டு ஷீட்டும் பார்வைக்கு ஒன்றுதான். அந்த ஒரு முள்தான் வித்தியாசம்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

உன் முதல் வருஷ லீவில் உன்னோடு படிக்கிற கலைமதி அக்கா ஊருக்கு வந்தபோது, உன் ஹாஸ்டலுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கின மூன்று ஆந்தை ரப்பர் இரண்டு பாக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட்டாய். எனக்கொன்று, சரத்துக்கொன்று. அவரும் கே.கே. நகர், அவனும் கே.கே. நகர் என்பதால் அவன்தான் போய் வாங்கினான். என் பாக்கெட் பிரித்து வந்தது, அப்போதே உனக்கும் சொல்லியிருக்கிறேன். "சைஸ் சரியான்னு பார்த்தேன்டா தம்பி" என்றான். அவனுடையதை அவன் பேட்டில் ஒட்டவில்லை. "எனக்கு இது செட் ஆகாதுடா" என்றான். நான் ஒட்டினேன். நாலு மாதம் அவனோடுதான் பயிற்சி. அந்த பேட்டை அவன் கையில் வாங்கிப் பார்க்காத நாள் கிடையாது.

மாநில அணித் தேர்வு. அரையிறுதியில் நானும் அவனும். ஐந்தாவது கேம், ஒன்பதுக்கு ஆறு, நான் முன்னால். இன்னும் இரண்டு பாயிண்ட். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடுவரிடம் போனான். "மேடம், அவன் பேட்ல மூணாவது முள்ளப் பாருங்க. அது லிஸ்ட்ல இல்லாத ரப்பர்." போனில் ஏதோ ஒரு பக்கத்தையும் காட்டினான். அமலராணி மேடம் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். ஆட்டம் அவனுக்கு. கை கொடுக்கும்போது "ரூல் ரூல்தானடா" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நெட்டில் நேற்றுத்தான் படித்தேன் என்றான். நானும் நம்பினேன்.

அவன் மாநில அணிக்குப் போனான். அதை வைத்து வேலைக்கும் போனான். எனக்கு காலேஜில் சீட் கொடுத்ததே விளையாட்டுக் கோட்டாவில். கேன்டீனுக்குள் நுழைந்தால் "கள்ள ரப்பர் வர்றான்டா, பர்ஸப் பாத்துக்கங்க" என்பார்கள். ஆறு வாரம் போனேன். அப்புறம் போகவில்லை. 'படிப்பு ஏறல' என்று அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். ஏறாமல் இல்லை.

போன மாதம் சிங்காரத்தோப்பில் காஜா மைதீன் பாய் கடைக்குப் பந்து வாங்கப் போனேன். அவரிடம் அந்த நாற்பத்தேழு புதிதாக வந்திருந்தது. என் எதிரில்தான் பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புச் சீட்டு, முழுக்கச் சீன எழுத்து. பாய் போன் கேமராவை அதன்மேல் பிடித்தார். பழைய மோல்டு, மூன்றாம் முள் இருக்காது, பழகுவதற்கு மட்டும், போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். இவ்வளவுதான் இருந்தது. "இந்தச் சீட்டு இல்லாம ஒரு பாக்கெட்டும் வராது தம்பி, ரப்பர் செய்யுற அந்தம்மா அதுல ரொம்பக் கறாரு" என்றார் பாய்.

எனக்கு வந்த பாக்கெட்டில் சீட்டு இல்லை.

அன்றைக்கேதான் உனக்கு மெயில் போட்டேன், அந்தக் கம்பெனி எங்கே, என்ன என்று விசாரித்துச் சொல் என்று. சரத் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ரயில் ஏறியிருக்க மாட்டாய்.

இனி நேற்று நடந்தது. மாவட்ட ஓபன் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கழித்துப் பெயர் கொடுத்திருக்கிறேன், கடை மூடின பிறகு சுவரில் அடித்துப் பழகினதை வைத்து. என் ஆட்டம் முடிந்ததும், நடுவருக்கு ஆள் குறைகிறது என்று பக்கத்து டேபிளில் என்னை உட்கார வைத்தார்கள். ஆட வந்தவன் சரத். முதலில் பேட்டை நடுவர் கையில் கொடுக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். மூன்று ஆந்தை, நாற்பத்தேழு. முள் எல்லாம் இருந்தது. மூன்றாவதும் இருந்தது.

நான் ஒரு நாளைக்கு இருபது டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவன், அக்கா. சொல்யூஷன் காய்ந்தால் ஒரு மினுக்கம் நிற்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. மூன்றாவது முள்ளின் அடியில் மோதிரம் மாதிரி அந்த மினுக்கம். வேறு ஏதோ ஷீட்டிலிருந்து ஒரு முள்ளை பிளேடால் அறுத்து அங்கே நட்டிருக்கிறான். ஷீட்டு, நீ அவனுக்கு அனுப்பினதுதான். செட் ஆகாது என்றானே, அது. இரண்டு வருஷம் உறையில் வைத்திருந்து, எல்லாரும் மறந்த பிறகு ஒட்டியிருக்கிறான்.

பேட்டைத் திருப்பிக் கொடுத்து "லவ் ஆல்" என்று ஆட்டத்தைத் தொடங்கி வைத்தேன். நாலு, நாலு, ஆறு என்று எதிராளியை அவன் சுருட்டினதை ஒழுங்காக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு அரையிறுதி. அவனும் நானும்.

இங்கேயும் தலைமை நடுவர் அமலராணி மேடம்தான், நேற்றே அவர் காதில் சொல்லியிருக்கலாம். அமைதியாக முடிந்திருக்கும். எனக்கு அமைதியாக முடியக் கூடாது. ஐந்தாவது கேம் வரை இழுப்பேன். ஒன்பதுக்கு ஆறு, அவன் முன்னால். அந்த ஸ்கோர் வருவதற்கு நான் பந்தை வலையில் அடிக்க வேண்டுமென்றால் அடிப்பேன். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போவேன். "மேடம், மூணாவது முள்ள நகத்தால நெம்பிப் பாருங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த முள் அவர் விரலோடு வரும்போது அவன் மூஞ்சியை நான் பார்க்க வேண்டும். தேர்வுக் குழு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அவன் ஆபீசிலிருந்தும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், அவனை நிரந்தரம் செய்வதா இல்லையா என்று இந்தப் போட்டியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவார்களாம். பார்க்கட்டும். என்னைக் கள்ள ரப்பர் என்றவர்களில் நாலு பேர் கீழ் வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்களும் பார்க்கட்டும்.

இதெல்லாம் உனக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. முடிந்த பிறகு உனக்குத் தானாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் உன் மெயிலில் ஒரு விஷயம் இல்லை.

லின் அம்மாவின் கையுறையில் எந்த விரல் கிழிந்திருந்தது என்பது வரை எழுதினாய். சிவப்புச் சீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஷீட்டுகளை பாக்கெட்டில் போடுகிற மேஜையில்தான் உட்கார்ந்து டீ குடித்ததாக நீயே எழுதியிருக்கிறாய். முதல் வருஷத்தில் உனக்கு முப்பது சீன எழுத்துகூடத் தெரியாது. இப்போது நோயாளியிடம் கேள்வி கேட்டுக் கேஸ் ஷீட் எழுதுகிறாய். சீட்டைப் பார்த்திருப்பாய். படித்திருப்பாய். என் பாக்கெட் ஏன் பிரித்து வந்தது என்று அந்த நிமிஷமே உனக்குப் புரிந்திருக்கும். அதற்கப்புறம்தான் "விட்டுத் தொலையேன்" என்று எழுதியிருக்கிறாய்.

நான் உன்னைத் திட்டவில்லை. அவனோடு குடும்பம் நடத்தப் போகிறவள் நீ. என்னோடு இல்லை.

இப்போது மணி இரண்டு. உனக்கு நாலரை. ஐந்து மணிக்கு வார்டிலிருந்து வந்ததும் மெயில் பார்ப்பாய். அப்போது இங்கே இரண்டரை. ஆட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். அவன் பையில் இன்னொரு பேட் எப்போதும் கிடக்கும், சுத்தமான ரப்பர் போட்டது. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை எடுத்துக்கொண்டு வருவான். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நட்டு வைத்த முள்ளைப் பற்றி நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, காஜா பாயிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

காலையில் கோயிலுக்குப் போனேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நாலு மணிக்கு அவன் பையைத் திறந்து அந்த பேட்டையே எடுக்கட்டும் பெருமாளே என்று கேட்டேன். வேறு பேட்டை எடுத்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆடி முடித்துவிட்டுக் கை கொடுப்பேன். தை மாதம் பந்தியில் பாயசம் ஊற்றுவேன். மாமா என்றும் கூப்பிடுவேன், சத்தியமாக. ஆனால் அந்த பேட்டையே எடுக்க வேண்டும், அக்கா.

நீ நன்றாக இரு. குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒழுங்காகச் சாப்பிடு. எது நடந்தாலும் பரீட்சையை விட்டுவிடாதே, நம் வீட்டில் விட்டவன் ஒருத்தன் போதும்.

அப்பா வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் போல, கையில் இரண்டு டப்பா. பாஸ் இல்லை என்று வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை உள்ளே ஆடுகிறார் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் போக வேண்டும்.

ரஞ்சித்