நீலப்புள்ளி வைத்த தட்டு

மதிப்பிற்குரிய நிஷிவாகி சான் அவர்களுக்கு,

ட்சுகுபாவிலிருந்து கொனோமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியை நாளுக்கு இரண்டு முறை கொட்டுகிறேன். ஜெர்மனியில் உங்கள் உடம்புக்குச் சுகம்தானே? சோறு கிடைக்கிறதா?

ஆய்வக மின்னஞ்சலில் எதை அனுப்பினாலும் மியாசாகா பேராசிரியருக்கு ஒரு நகல் போய்விடுகிறது. தொலைபேசியில் என் குரல் எழும்பாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் விரைவு அஞ்சல். இருபத்தெட்டாம் தேதி மாநாட்டில் உங்கள் உரைக்கு முன் போய்ச் சேருமா என்று நேற்றே தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டேன். சேருமாம்.

ஏப்ரலில் சுத்தமான படிகத் துண்டுகளில் ஒளிப்புள்ளிகள் தெரிந்த அன்று நீங்கள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "கொனோமி, இங்க வா, இங்க வா! கரி பக்கத்துலயே இல்ல, ஆனா எப்படி மின்னுது பாரு! படிகத்துக்குள்ள கரி அணு புகுந்து உக்காந்தாதான் ஒளி வரும்னு ஊரே சொல்லுது. நாம இல்லேன்னு காட்டிட்டோம்!" என்றீர்கள். முலாம்பழ ரொட்டி இரண்டு வாங்கித் தந்தீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உலையில் வைக்கும் குவார்ட்ஸ் தட்டுகள் இரண்டு. சிவப்புப்புள்ளி, கரித்தூளோடு சுடுவதற்கு. நீலப்புள்ளி, சுத்தமானவற்றுக்கு. மார்ச் கடைசியில் நீலத்தட்டைக் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டேன். சொல்லலாம் என்று உங்கள் மேசை வரை மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பிறகு சிவப்புத்தட்டை அசிட்டோனில் கறுப்பே தெரியாத வரை கழுவி, சிவப்பை அழித்து, நீலப்புள்ளி வைத்தேன். உங்கள் துண்டுகள் வெந்தது அதில்தான்.

கண்ணுக்குத் தெரியாத கரியும் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நீங்கள் கிளம்பிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஆய்வகத்துக்குப் போய், ஒரு தாளில் எழுதிக் காட்டி, புதுத் தட்டும் உலைக்குள் பொருத்தப் புதுக் குழாயும் கடன் வாங்கினேன். அதே படிகத்தை டேப்பால் மெல்லிய ஏடுகளாக உரித்து, எட்டுத் துண்டுகள் சுட்டேன். நம் ஆய்வக ஒக்காபே சான் அவற்றை லேசரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன கொனோமி, உன் கைராசி ஜெர்மனிக்குப் போயிடுச்சா? ஒண்ணுகூட மின்னலையே!"

எட்டும் இருட்டு. பழைய தட்டில் வைத்தவை மட்டும் மின்னுகின்றன.

பேராசிரியர் அந்த எட்டையும் சரியில்லாத துண்டுகள் என்று ஒதுக்கிவிட்டார். "தூக்கிப் போட்டுடும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய மாதிரியே பன்னிரண்டு பண்ணு. நிஷிவாகி மேடையில காட்டட்டும்" என்றார். உலை இப்போது சூடேறிக்கொண்டிருக்கிறது. பழைய தட்டு என் எதிரில் இருக்கிறது. வைத்தால் மின்னும். வைக்காவிட்டால் மின்னாது, ஏன் என்று கேட்பார். அவர் கேட்டு, நான் நின்று, அவர் மறுபடி கேட்டு... வகுப்பறையில் நடந்ததுதான் நடக்கும். அதற்குப் பயந்துதான் உயர்நிலைப் பள்ளியை முதல் வருடத்திலேயே விட்டேன். மெல்லிய துண்டுகளைத் தேடிக்கொண்டு மைக்ராஸ்கோப் முன் உட்கார வாய் தேவைப்படவில்லை. இந்த அறைக்கு ஜன்னல் இல்லாததுகூட எனக்குப் பிடித்திருந்தது. இப்போது கதவு இருப்பதும் தெரியவில்லை.

இருண்ட எட்டையும் நான் குப்பையில் போடவில்லை. பஞ்சு சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அங்கே உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

எனக்காக ஒன்று மட்டும் செய்ய வேண்டும். போன குளிர்காலத்தில் ஒக்காபே சான் லேசரை அணைக்காமல் போனபோது, "நான்தான் மறந்துட்டேன்" என்று பேராசிரியர் முன் தலை குனிந்தவர் நீங்கள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள். வரும் மார்ச்சில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. தட்டை உடைத்ததும் புள்ளியை மாற்றியதும் கொனோமி என்றே சொல்லுங்கள். என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன், அவ்வளவு முடியும்.

பதில் எழுத வேண்டாம். மேடை ஏறுமுன் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். நீங்கள் திரும்பும்போது நான் இங்கே இல்லாமல் போகலாம். மைக்ராஸ்கோப்பின் கண்குழல்கள் இரண்டும் என் முகத்துக்கு ஏற்றபடி நெருங்கியிருக்கும். உங்களுக்கு ஏற்றபடி விரித்துக்கொள்ளுங்கள்.

தலை தாழ்த்தி,
கொனோமி