சர்க்கரை இல்லாத வால்வு

ஜனவரி 11
"எங்களை மட்டும் விரட்டுறீங்க, நீங்க ஒரு சுத்து ஓடுங்க டீச்சர்!" என்றாள் எட்டாம் வகுப்பு வாயாடி. ஓடினேன். பாதி மைதானத்திலேயே மூச்சு முட்டியது. ஷூ கயிறு கட்டுவதுபோல் உட்கார்ந்துவிட்டேன். நான் விளையாட்டு டீச்சராம்! வெட்கக்கேடு.

ஜனவரி 16
இதய டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் என் இதயத்தில் வைத்த பன்றி வால்வு. மூன்று இதழ்களில் இரண்டு அசையவே இல்லை.

"பதினஞ்சு வருஷம் வரும்னீங்களே? பாதிதானே ஆகுது?"

"வயசானவங்களுக்கு வரும். பன்றியோட திசுவுல ஒரு வகை சர்க்கரை இருக்கு, மனுஷ உடம்புல அது கிடையாது. பதப்படுத்தித்தான் வைக்கிறோம், ஆனாலும் கொஞ்சம் மிஞ்சிடும். உங்க ரத்தம் அதை அந்நியம்னு கண்டுபிடிச்சு விடாம தாக்குது. இளவயசுல அந்த வேகம் ஜாஸ்தி. அப்புறம் சுண்ணாம்பு படிஞ்சு விறைச்சுப்போகுது."

ஆக, இத்தனை வருடமாக எனக்குள் ஒரு சண்டை. நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், கல்யாணம்கூடப் பண்ணிக்கொண்டேன்.

ஜனவரி 17
இரண்டு வழி. உலோக வால்வு ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது இரண்டு உயிருக்கும் ஆபத்து. இன்னொன்று புதுசு — அந்தச் சர்க்கரையே இல்லாமல் பிறக்கும்படி மரபணுவை மாற்றிய பன்றியின் வால்வு. பரிசோதனையாகச் சிலருக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி முடித்து வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 20
சண்டை.

"இரும்பையே வைக்கச் சொல்லு. எனக்குப் பிள்ளை வேணாம், நீ இருந்தா போதும்."

"எனக்கு வேணுமே!"

"சோதிச்சுப் பாக்கறதுக்கு நீ என்ன எலியா?"

"பன்னின்னு சொல்லுங்க, பொருத்தமா இருக்கும்."

சிரித்துத் தொலைத்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கு மட்டும் பயமில்லையா?

பிப்ரவரி 4
அவரே டாக்டரிடம் கேட்டார்: "இதுவும் கெட்டுப்போனா?"

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "மறுபடி நெஞ்சைத் திறக்கணும். கெடவே கெடாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். மத்தவங்களுக்கு இதுவரைக்கும் எதிர்ப்பு வரல. அவ்வளவுதான் தெரியும்."

வீட்டுக் கதவைத் திறந்தபடி, "சரி, உன் இஷ்டம்" என்றார். உள்ளே வந்த பிறகு, "நம்ம இஷ்டம்."

பிப்ரவரி 27
நாளைக்கு ஆபரேஷன். எழுத ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 14
இருமினால் உயிர் போகிறது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தும்மவே முடிகிறது. ஆனால் மல்லாந்து படுத்து மூச்சு விடுகிறேன்! எத்தனை மாதம் ஆயிற்று இப்படிப் படுத்து!

மார்ச் 29
காய்ச்சல். ஆரம்பிச்சிடுச்சா? இதையும் என் ரத்தம் மோப்பம் பிடிச்சிடுச்சா? பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துப்போனார்கள். "சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும்" — ஜன்னலைப் பார்த்தபடி அவர் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருக்குச் சொல்கிறார்?

மார்ச் 31
தொண்டைப் புண். வெறும் தொண்டைப் புண்!

செப்டம்பர் 6
ரத்தத்தில் எதிர்ப்பு ஏறவில்லை. இதழ்கள் வைத்த அன்று இருந்ததுபோலவே இருக்கின்றன. "வருஷா வருஷம் பாக்கணும். இப்போதைக்கு உங்க ரத்தமும் வால்வும் ஒத்துமையா இருக்கு" என்றார் டாக்டரம்மா. பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பொறுப்போம்.

அக்டோபர் 8
ஒரு வருடத்துக்கு மேலாக இந்த நோட்டுப் பக்கமே வரவில்லை. ஓட்டமும் விசிலுமாகப் பொழுது போய்விட்டது, இந்த ஐந்து மாதமாக ஓட்டம் மட்டும் இல்லை.

இன்று ஸ்கேன். வழவழவென்று எதையோ தடவிவிட்டு, வயிற்றின்மேல் கருவியை நகர்த்திக்கொண்டே வந்த ஸ்கேன் அம்மா ஓரிடத்தில் நிறுத்தினார். "இதோ, குழந்தையோட இதயம். வால்வெல்லாம் அழகா தொறந்து மூடுது பாருங்க."

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றார் இவர். காட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சார், வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."