சேற்றில் கிடந்த கெப்பி

ஐப்பசி 8, வெள்ளி

காலையிலிருந்து தூறல். வடக்கு மடையில் உடைப்பு. மண் வெட்டிப் போட்டு அடைத்தேன். இடுப்பு விட்டுப்போகிறது.

பாகூர் போனேன். அண்ணன் தெவசத்துக்கு எள், நெய், பச்சரிசி. தர்ப்பை மறந்துவிட்டேன்.

அப்படியே பிரெஞ்சுப் போலீசுக் கச்சேரி. வேலையில் உயிர்விட்ட சிப்பாய்களின் பேரைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அண்ணன் பேர் இல்லை. கேட்டேன். பெரிய அதிகாரி கொமிசேர் துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொழிபெயர்க்கிற துபாஷ்தான் பேசினான். "உங்கண்ணன் செத்துக் கெடந்தது இங்கிலீஷ்காரன் எல்லையிலப்பா. உத்தரவு இல்லாம தாண்டிப் போனவன் எப்படி வேலயில செத்தவன் ஆவான்?"

ஒரு வருஷமாக இதே பாட்டு. சாராயக் குடம் கடத்தினவர்களைத் துரத்திப் போனவனை அடித்துக் கொன்றார்கள். கொன்றவன் எவன் என்று கேட்க நாதியில்லை. செத்தவன் எந்தப் பக்கம் கிடந்தான் என்பதுதான் இவர்களுக்குக் கவலை. த்தூ.

ஐப்பசி 9, சனி

மழை இல்லை. புழுக்கம். அண்ணி வீடு மெழுகினாள்.

அண்ணி பிறந்த ஊர் இங்கிலீஷ் எல்லையில். நம் வயலைத் தாண்டினால் எல்லைக்கல். அங்கே போகும்போதெல்லாம், கல் வந்ததும் அண்ணன் தன் சிவப்புக் கெப்பித் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வான். தலையில் கெப்பியோடு தாண்டினால் அந்தப் பக்கத்துப் போலீஸ் பிடித்துக்கொள்ளும். நம் சிப்பாய்கள் எல்லோருக்கும் இது பழக்கம். "கல்லத் தாண்டிட்டா நான் போலீசு இல்லடா, வெறும் மாப்ள" என்று சிரிப்பான்.

பிணமாகக் கிடந்தபோது கெப்பி தலையில் இருந்தது. அவனாகத் தாண்டவில்லை, கொன்று இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கச்சேரியில் எத்தனை தடவை சொல்லியாயிற்று! துரத்துகிற அவசரத்தில் கழற்ற மறந்திருப்பானாம்.

கரும்பாலைக்காரர் வாழையிலைக் கட்டு அனுப்பியிருக்கிறார். கடத்தின சாராயம் அவருடையது, ஊருக்கே தெரியும். ஆனால் எல்லோர் கரும்பும் அவர் ஆலைக்குத்தான் போகிறது, என்னுடையதும். எவன் வாய் திறப்பான்? கட்டைத் திருப்பி அனுப்பப் போனேன். அண்ணி விடவில்லை.

"இருக்கட்டும் தம்பி. சாப்புட வரட்டும். அந்த மூஞ்ச நான் பாக்கணும்."

ஐப்பசி 10, ஞாயிறு

தெவசம் முடிந்தது. காக்கை உடனே வந்தது.

பந்தியில் ஆலைக்காரருக்கு நடு இலை. ரசம் ஊற்றும்போது கச்சேரிக் கல்லில் பேர் இல்லாததை யாரோ எடுத்தார்கள். ஆலைக்காரர் எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்:

"கல்லுல பேரு இல்லன்னா இன்னாப்பா? ஒங்கண்ணன் போவும்போது மரியாதயாத்தான் போனான். கெப்பி ஒங்க வயல் சேத்துல கெடந்துது. தொடச்சித் தலையில வையுங்கடான்னு சொன்னதே நாந்தான்."

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். தான் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. பந்தியில் அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. மோர்ச் செம்பு என் கையில். ஊற்றவா, தலையில் போடவா?

அதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். தாலியறுத்தவள் பந்திக்கு வரலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை.

"நீ எதுக்குய்யா அங்க இருந்த?"

ஆலைக்காரர் கை நின்றது. அண்ணி குனிந்து அவர் இலையைச் சோற்றோடு இழுத்துத் தெருவில் எறிந்தாள்.

ஐப்பசி 11, திங்கள்

நல்ல மழை. ஊரெல்லாம் ஒரே பேச்சு. "சாப்புடறவன் எலைய இழுக்கலாமா? இன்னா பொம்பள அவ?" அண்ணன் உயிரை எடுத்ததைப் பற்றி ஒரு நாய் பேசவில்லை.

ஆலையிலிருந்து ஆள் வந்தான். தையில் என் கரும்பு வேண்டாமாம். காயட்டும். மாட்டுக்குப் போடுகிறேன்.

அண்ணியும் நானும் நனைந்துகொண்டே கச்சேரிக்குப் போனோம். துபாஷ் சொல்லச் சொல்ல கொமிசேர் முதல் தடவையாக நிமிர்ந்தார். கெப்பி இந்தப் பக்கம், எங்கள் வயல் சேற்றில் கிடந்தது என்று ஆலைக்காரர் சொன்னதைக் கேட்டவர்கள் வந்து சொன்னால் அண்ணன் பேரைக் கல்லில் வெட்டலாமாம். குடும்பத்து ஆள் சாட்சி செல்லாதாம்.

திரும்பியதும் கோவிந்தனிடம் போனோம். ஆலைக்காரருக்குப் பக்கத்து இலை அவன்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. ரசம் குடிச்சிக்கினு இருந்தேன்."

அண்ணி தெருவே கேட்கக் கத்தினாள். "எம்புருஷன் தெவசத்துச் சோறு ருசியா இருந்துச்சா?"

கதவைச் சாத்திக்கொண்டான். நாளைக்கும் வந்து கேட்பாளாம். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேர் வாசலிலும் கேட்பாளாம்.