ஆளா, சித்தாளா?

என் ஆசை அண்ணாத்த எத்திராஜுக்கு,

நீ போன நாளிலிருந்து உன்னோடு சண்டை போடக் காத்திருக்கிறேன். செத்தவரோடு என்ன சண்டை என்று கேட்கிறார்கள். உயிரோடு இருந்தபோது "பொறு கன்னிம்மா, பொறு கன்னிம்மா" என்று வாயை அடைத்தாயே, பிறகு எப்போதுதான் போடுவது? இதைச் சங்கத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

முனியம்மா சாரத்திலிருந்து விழுந்தது நினைவிருக்கிறதா? அணுமின் நிலையத்துக்கு வருகிறவர்கள் குடியேறப் புதுப்பட்டினத்தில் நாம் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மாடிக்குக் கலவை சுமந்தவள் அவள். விழுந்ததில் இரண்டு காலும் போச்சு. காண்ட்ராக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு, நம்ம ஆளே இல்லியே" என்றான்.

அன்றைக்கு முதலில் சட்டியைக் கீழே போட்டது யார்? கலவை சுமக்கிற நாங்கள். அதிலும் உன் பெண்டாட்டி அஞ்சலைதான் முதல். கலவை வராமல் கொத்தனார் எதைப் பூசுவார், எச்சிலையா? அப்படித்தான் வேலை நின்றது. அதற்கப்புறம்தான் உன் சங்கம் கொடியோடு வந்தது.

வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம். கடல் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அடுப்பு எரியாதபோதும் ஒருத்தி உள்ளே போகவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தை முடித்து வந்து, லாரி மேல் ஏறிச் சொன்னாய்: "கட்டடம் முடியற வரைக்கும் ஒரு ஆளையும் நிறுத்தக் கூடாது! அடிபட்டா வைத்தியம் காண்ட்ராக்டரு பாக்கணும்! ஒத்துக்கினாங்க!" நான் கத்தின கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் காலை வாசலில் மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தான். "ஆளுங்க உள்ள போங்க. சித்தாளுங்க ஓரமா நில்லு. வேணும்னா கூப்புடறோம்."

"இன்னாய்யா அநியாயம்! எல்லா ஆளுக்கும்னுதான பேச்சு?" என்றேன்.

சிரித்தான். "ஆளுன்னா ஆளு. சித்தாளுன்னு ஒங்க தலைவரு கேக்கவே இல்லியேம்மா."

நம் வேலையில் ஆள் என்றால் ஆண்பிள்ளை. கல்லும் கலவையும் சுமக்கிற பெண் சித்தாள். சாரம் கட்டுகிறவன் முதல் சுவருக்குத் தண்ணீர் தெளிக்கிறவன்வரை எல்லாருக்கும் இது தெரியும். உனக்கு மட்டும் தெரியாதா? வீட்டில் ஒரு சித்தாளோடு குடித்தனம் நடத்தியவன்தானே நீ? வாய் தவறிப் போயிற்றா, இல்லை எல்லாருக்கும் கேட்டால் படியாது என்று எங்களைக் கழித்துவிட்டாயா?

கேட்டேன். "அடுத்த பேச்சுல பாத்துக்கலாம்" என்றாய். அடுத்த பேச்சு வருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிட்டது. பாவி, பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நியாயத்தையும் சொல்கிறேன். சங்கம் வந்ததால் ஆள்களுக்கு நல்லதுதான். மேஸ்திரி இப்போது அவர்களை அடா புடா என்பதில்லை. கம்பி கிழித்த ஒருவனைக் காண்ட்ராக்டரின் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காண்ட்ராக்டருக்கும் நிம்மதி. முன்பெல்லாம் ஆளாளுக்குக் கோபித்துக்கொண்டு பாதியில் போவார்கள். இப்போது சங்கத்துச் செயலாளர் ஒருவரிடம் பேசினால் வேலை ஓடுகிறது. அதனால்தான் உன் சாவுக்கு ரோஜா மாலை அனுப்பினான். முனியம்மாவுக்கு ஒரு மாத்திரை அனுப்பினானா? வயிறு எரிகிறது அண்ணாத்த.

நேற்று உன் நினைவு நாள். "ஒரு தொழிலாளியையும் விட்டுக்கொடுக்காத தலைவர்" என்று துணியில் எழுதி வேலை நடக்கிற இடத்து வாசலில் கட்டியிருந்தார்கள். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்திருப்பேன். அஞ்சலை அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கப்புறம் செயலாளரான கம்பி கட்டும் காசிம் பாய், கொடி ஏற்ற அவளைத்தான் கூப்பிட்டார்.

அண்ணி போனாள். கயிற்றைக் கையில் வாங்கினாள். இழுக்கவில்லை.

"கொடி ஏத்த கூப்ட்டியே பாய், நான் ஆளா, சித்தாளா? அத்த சொல்லு மொதல்ல."

காசிம் பாய் மெதுவாக, "அண்ணி, சபையில போயி இத்த கேக்கறீங்களே" என்றார்.

"சபையிலதான் கேப்பேன். வூட்ல கேட்டு ஓஞ்சு பூட்டேன். அவரும் பதில் சொல்லல."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் உன்னைக் கேட்டிருக்கிறாள் என்று. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"நேரமாவுது, ஏத்திட்டு வாம்மா" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிலர் நைசாக உள்ளே நழுவினார்கள். உன் உயிர்த் தோழன் என்று சொல்லிக்கொள்கிறவனும் அதில் உண்டு. ஆனால் காசிம் பாய் நகரவில்லை. கொடியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, மடித்து, அண்ணி கையில் கொடுத்தார். "நாளைக்குப் பேச்சு கீது அண்ணி. நீங்களும் கன்னிம்மாவும் வந்து குந்துங்க. சித்தாளுக்கு ஒத்துக்கலன்னா நாங்களும் உள்ள போவமாட்டோம்" என்றார். அவர் பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேர் இருப்பார்கள். இந்தப் பாதி அன்றைக்கே நின்றிருந்தால்?

இன்றைக்குப் போகிறோம். ஆள் என்று காண்ட்ராக்டர் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துவேன். சித்தாள் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். முனியம்மா நம்ம ஆள்தான் என்றும் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். அதுவரைக்கும் கொடி அண்ணியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். உன் படத்துக்கு மாலையும் கிடையாது. முறைக்காதே. ஜெயித்து வந்து நானே போடுகிறேன்.

உன் கூடப் பிறந்த சித்தாள்,
கன்னியம்மா