முட்டைக்குள் கண்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

காது எப்படி இருக்கிறது? நீ வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இறால் முட்டைக்குள்ளே குஞ்சின் கண் தெரிகிற மாதிரி படம் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் ஆய்வுக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுமாம்.

உனக்குப் பதிலாக என்னோடு கடலில் இறங்குகிற நெட்டையார், க்ளோஸப் லென்ஸைப் படகிலேயே தண்ணீர் புகாத கேமரா பெட்டியின் முகப்பில் திருகிவிடுகிறார். "தண்ணிக்குள்ள போய் மாட்டுங்க, இல்லேன்னா நடுவுல காத்து நின்னுடும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கீழ போனா சரியாயிடும்மா" என்கிறார். கீழே போனால் முட்டை எங்கே? குமிழிதான்! நீ எப்போது வருகிறாய்?

உன் வாலு

மார்ச் 11

என் செல்ல வாலு,

காது இருக்கிற இடத்தில் இருக்கிறது. பாவம், அவரோடு மல்லுக்கட்டாதே. லென்ஸை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கீழே நீயே மாட்டு. லேசாகச் சாய்த்தால் காற்று ஓடிவிடும். படங்களை அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 17

அக்கா,

குமிழி போய்விட்டது, படம் வந்தபாடில்லை. ஆறு படம் வைத்திருக்கிறேன், பார். எல்லாவற்றிலும் இறாலின் மீசை பளிச்சென்று இருக்கிறது, முட்டை மங்கல். தூக்கமே வரமாட்டேன் என்கிறது. எப்போது வருகிறாய் என்று கேட்டேனே, அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டாய்?

வாலு

மார்ச் 22

வாலு,

படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தேன். அந்த லென்ஸில் ஒரு அரிசி கனத்துக்குள் இருப்பதுதான் தெளிவாக விழும், கொஞ்சம் நகர்ந்தாலும் மங்கிவிடும். ஆறிலும் நீ கடைசி நொடியில் பின்னால் நகர்ந்திருக்கிறாய். கேமராவில் கண் வைத்தால் சுற்றி ஒன்றும் தெரியாது என்றுதானே உன் கணுக்காலைப் பிடித்தபடியே இருப்பேன்? இப்போது பிடி இல்லை, திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய்.

நான் வரமாட்டேன்டி. இந்தக் காதோடு இனிமேல் கடலே கூடாது என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கே தாங்கவில்லை, குளிக்கிற வாளியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நெட்டையாரிடம் கணுக்காலைப் பிடிக்கச் சொல்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

உன்னோடு பேச்சே இல்லை. ஒரு மாதமாக மறைத்திருக்கிறாய்! முகமூடிக்குள்ளே அழுதால் துடைக்கவும் முடியாது, தெரியுமா?

கணுக்காலைப் பிடிக்கச் சொன்னதும் நெட்டையார் நெளிந்தார். "அதெல்லாம் வேணாம்மா, தப்பா நெனச்சுக்கப் போறாங்க." "யாரு, மீனுங்களா?" என்றேன். பிடித்தார். உன் பிடி மாதிரி இல்லை, ரொம்ப இறுக்கம். ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் இதோடு இருக்கிறது. ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கண். முதல் பிரதி உனக்கு, ஆய்வுக்கூடத்துக்கு அதற்குப் பிறகுதான்.

கோபம் இன்னும் போகவில்லை. லீவு கிடைத்ததும் நேரில் வந்து சண்டை போடுகிறேன். அதுவரை அந்த வாளியை வெறிக்காதே.

உன் வாலு